உறைந்தது இளகும்

போன வாரம் நம் ஆறாம் வகுப்பு வாட்சாப் குழுவில் ஒருத்தி கேட்டிருந்தாள்: "ஏய், பையனோட ஹோம்வொர்க். ஜெல் ஆவுறதுக்குத் தமிழ்ல என்னா வினைச்சொல்? சீக்கிரம் சொல்லுங்கப்பா." பத்து நிமிடத்தில் ஏழு பதில்கள் வந்தன. கூழாவது. கெட்டியாவது. கொழகொழப்பது. ஒருத்தி 'ஜெல்லுதல்' என்று போட்டு நான்கு சிரிப்பு பொம்மைகளும் வைத்திருந்தாள். நான் 'உறைதல்' என்று ஒற்றைச் சொல்லை அனுப்பிவிட்டு வேலைக்குக் கிளம்பினேன். சாயங்காலம் வந்து பார்த்தால் அடுத்த கேள்வி காத்திருந்தது: "உறையிறதுன்னா ஐஸ் ஆவுறது இல்லியா?"

அதுவும்தான். ஆனால் அது மட்டும் இல்லை. ஒரு வரியில் சொல்ல முடியாததால் இதை எழுதுகிறேன். நம் தெருவில் சாக்கடை அடைத்துக்கொண்ட மார்கழி உங்களில் பலருக்கு நினைவிருக்கும். முழுக்கத் தெரிந்தவர்கள் குழுவில் இரண்டே பேர். ஒருத்தி நான். இன்னொருத்தி என் பெஞ்சுத் தோழி. எழுதலாமா என்று அவளிடம் கேட்டேன். "எழுதுடி. எங்கம்மாவ ரொம்ப நல்லவளா மட்டும் எழுதாத, போரடிக்கும்" என்றாள்.

நான் இப்போது கேப்சூல் மாத்திரைகளின் கூடு செய்யும் தொழிற்சாலையில், ஆய்வுக்கூடத்தில் இருக்கிறேன். மாத்திரைக்கு மேலே வழவழவென்று இருக்குமே, அந்தக் கூடு. அது முதலில் சூடான கரைசல். கண்ணாடிக் குழாயில் ஊற்றி ஆற வைப்போம். பிறகு குழாயைத் தலைகீழாகக் கவிழ்ப்போம். விழுந்தால் 'இல்லை' என்று குறிப்போம். விழாவிட்டால் 'உறைந்தது'. இவ்வளவுதான் சோதனை. முப்பத்தொரு வயதில் சம்பளம் வாங்கிக்கொண்டு செய்கிற இந்தக் காரியத்தை நான் பதினோரு வயதிலேயே, ஒரு எவர்சில்வர் தூக்கில், தெரு முழுக்கப் பார்க்கச் செய்து முடித்துவிட்டேன்.

அந்த வருஷம் குழாய்த் தண்ணீர் மூன்று நாளைக்கு ஒருமுறைதான் வந்தது. எங்கள் வீட்டுக்குப் பின்புறம் அப்பாவின் சாயப் பட்டறை. சாயம் என்றால் அரக்கும் மாம்பழ மஞ்சளும்தான் எல்லோருக்கும் தோன்றும். அதற்கு முன்னால் இன்னொரு வேலை இருக்கிறது. கோரா பட்டு நூலைக் கையில் எடுத்தால் வைக்கோல் மாதிரி முரடாக, பொலிவே இல்லாமல் இருக்கும். புழு கூடு கட்டும்போது விட்ட பசை அதன்மேல் அப்படியே ஒட்டியிருக்கும். சவுக்காரமும் சோடாவும் போட்ட தண்ணீரில் அந்த நூலைக் கொதிக்கக் கொதிக்க வேக வைத்தால் பசையெல்லாம் தண்ணீரில் இறங்கிவிடும். நூல் வெளுத்து, மின்னிக்கொண்டு மேலே வரும். அந்தத் தண்ணீரின் வாசனையை நான் எங்கிருந்தாலும் கண்டுபிடிப்பேன். நனைந்த கம்பளி, அரிசி களைந்த தண்ணீர், அடியில் கொஞ்சம் செத்த பூச்சி.

மற்ற வருஷங்களில் ஒரு ஈடு நூலுக்கு ஓர் அண்டா புதுத் தண்ணீர். அந்த வருஷம் தண்ணீர் இல்லை. தை முகூர்த்தத்துக்கு நூல் கேட்டு ஆள்மேல் ஆள் வந்துகொண்டிருந்தார்கள். அப்பா ஒரே தண்ணீரில் மூன்று ஈடு, நான்கு ஈடு போட்டார். "தண்ணி என்னா கெட்டாபோச்சி? கொதிக்கிது இல்ல?" என்பார். சாயங்காலம் அண்டாவைச் சாய்த்து ஆவி பறக்கச் சாக்கடையில் விடுவார். லேசாகப் பால் கலந்த மாதிரி, தண்ணீரைப் போலவே ஓடும். ஆவிக்குள் ஓடிப்போய் நிற்பது எனக்குப் பிடிக்கும். குளிருக்கு இதமாக இருக்கும்.

பாவுக்கார அத்தை எனக்கு உறவில்லை. தெருவில் எல்லோருக்கும் அவள் அத்தைதான். என் பெஞ்சுத் தோழியின் அம்மா. கணவர் இறந்த பிறகு அவளும் மகளும் மட்டும். சாயம் ஏறிய நூல் தறிக்குப் போவதற்கு முன்னால் அதைப் பாவாக நீட்டிக் கஞ்சி போட வேண்டும். போட்டால்தான் நூல் அறாமல் தறியில் ஓடும். அதற்குத் தெரு நீளம் வேண்டும். விடிகிற நேரத்தில் எட்டு வீட்டு நீளத்துக்குப் பாவை இழுத்துக் கட்டி, கஞ்சியைக் கையால் தெளித்து, இழை இழையாக நீவிக்கொண்டே அத்தை இந்த முனைக்கும் அந்த முனைக்கும் நடப்பாள். பள்ளிக்குக் கிளம்பும்வரை மறுமுனையில் குச்சியைப் பிடித்திருப்பது என் தோழியின் வேலை. வண்டிக்காரர்களை அத்தை பார்த்துக்கொள்வாள்.

"ஏம்பா, எறங்கித் தள்ளிக்கினு போ! பாவுக்குத்தான் கண்ணு இல்ல, உனுக்கு இருக்குது இல்ல?"

மிச்சமாகும் கஞ்சி ஒரு வாளியில் போகும். பால்காரர் வீட்டு எருமை அந்த வாளிக்காகக் காலையிலிருந்தே கழுத்தை நீட்டிக்கொண்டு நிற்கும்.

அரைப்பரீட்சை லீவு தொடங்கியிருந்த ஒரு புதன்கிழமை விடியற்காலை. கோலம் போட்டுக்கொண்டிருந்த அம்மா எழுந்து நின்றாள். சாக்கடையை மூடியிருந்த கல் பலகைகளின் இடுக்கு வழியாகக் கறுப்புத் தண்ணீர் பொங்கி வந்துகொண்டிருந்தது. எங்கள் கோலத்தை அழித்தது. அடுத்தடுத்த கோலங்களையும் அழித்தது. தெரு திரும்புகிற மூலையில், பிள்ளையார் கோயிலை ஒட்டிய நாட்டாமை வீட்டு வாசலில் ஏறி நின்றது. அங்கேதான் அன்றைக்கு அத்தையின் பாவு முனை கட்டியிருந்தது. அரக்குப் பாவு. நாட்டாமையின் தறிக்குப் போகவேண்டிய பாவு. பிரித்து எடுப்பதற்குள் ஒரு முழத்துக்குச் சாக்கடை ஏறிவிட்டது.

இரண்டு பேர் கடப்பாரை போட்டு மூலைப் பலகையைத் தூக்கினார்கள். உள்ளே சாக்கடை முழுவதையும் அடைத்துக்கொண்டு வெளிறிய மஞ்சளில் ஏதோ உட்கார்ந்திருந்தது. கடப்பாரை பட்டதும் அது நடுங்கியது. ஒருவர் குச்சியை எடுத்துக் குத்தினார். குச்சி அப்படியே நின்றது.

"கஞ்சிப்பா!" என்றார் யாரோ.

அவ்வளவுதான். தெருவுக்கே பதில் கிடைத்துவிட்டது.

"தெனமும் ஊத்திக்கினே இருந்தா அடைக்காம என்னா பண்ணும்?" என்றார் நாட்டாமை. ஆறு தறி வைத்திருந்தவர். வேட்டியில் ஒரு சுருக்கம் விழ விடமாட்டார். அன்று முழங்கால்வரை மடித்துக் கட்டியிருந்தார்.

"என் கஞ்சிய எரும குடிக்குதுங்கயா, சாக்கட குடிக்கல" என்றாள் அத்தை.

"அப்ப இது எங்கருந்து வந்துச்சி, வானத்துலருந்தா?"

யாரோ அப்பாவைத் திரும்பிப் பார்த்தார்கள். அப்பா கொஞ்சமும் தயங்கவில்லை. "என்னுது வெறுந்தண்ணி. கொதிக்கக் கொதிக்க உடறேன், நீங்களே பாக்கறீங்க. அது எங்கயாவது கட்டிக்குமா?" என்றார். எல்லோரும் தலையாட்டினார்கள். ஆவி பறக்க அது ஓடுவதைத் தெருவே பார்த்திருக்கிறது. அவர் பொய் சொல்லவில்லை. இதை நான் இன்றைக்கும் அடித்துச் சொல்வேன்.

"ஞாயித்துக்கெழம சாயங்காலம் கோயில் மண்டபத்துல பேசி முடிச்சிடலாம். அதுவரிக்கும் தெருவுல பாவு வேணாம்" என்றார் நாட்டாமை.

தெரு இல்லாமல் பாவு இல்லை. பாவு இல்லாமல் அந்த வீட்டில் அடுப்பு இல்லை. அன்று மத்தியானம் என் தோழி எங்கள் வீட்டு மாடிப்படியில் வந்து உட்கார்ந்தாள்.

"தாமல்லருந்து மாமா வந்துக்கீறாரு. ஞாயித்துக்கெழம வேணான்னு சொல்லிட்டாங்கன்னா எங்க ரெண்டு பேரையும் இட்டுக்கினு போயிடுவாராம்."

"பள்ளிக்கூடம்?"

"அத அப்புறம் பாத்துக்கலாமாம்." படியின் ஓரத்தில் இருந்த சுண்ணாம்பைச் சுரண்டினாள். "லீவு முடிஞ்சா நான் வரமாட்டேன்டி."

எனக்கு அப்போதே பட்டியல் போடும் பழக்கம் இருந்தது உங்களுக்குத் தெரியும். 'நோட்டுக்காரி' என்று கூப்பிட்டவர்கள் குழுவிலேயே மூன்று பேர் இருக்கிறீர்கள். அந்த நோட்டு இன்று என்னிடம் இல்லை. வீடு மாறியபோது எங்கோ போய்விட்டது. ஆனால் அதில் 'ஆறினா என்ன ஆவும்' என்ற பக்கத்தை என்னால் இப்போதும் ஒப்பிக்க முடியும். நெய்: உறையும். பால்: ஆடை கட்டும், மோர் விட்டால் தோயும். வெல்லப் பாகு: இறுகும். கஞ்சி: ஏடு கட்டும், அப்புறம் கெட்டியாவும். பாயா: உறையும்.

பாயாவுக்குப் பக்கத்தில் ஒரு குறிப்பு உண்டு. கார்த்திகைக்கு முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை அம்மா வைத்த ஆட்டுக்கால் பாயா மறுநாள் சட்டியில் ஆடிக்கொண்டு நின்றது. கரண்டியால் தொட்டால் நடுங்கியது. கெட்டுப்போய்விட்டது என்று நினைத்தேன். "கெடலடி, ஒறஞ்சிருக்குது" என்று அம்மா அடுப்பில் ஏற்றினாள். இரண்டு நிமிடத்தில் நேற்றைய குழம்பு. அதனால் எழுதியிருந்தேன்: 'சூடு பண்ணா பழையபடி இளகும்.' கஞ்சிக்கு நேராக எழுதியிருந்தது வேறு: 'சூடு பண்ணாலும் இளகாது. கட்டி கட்டியா நிக்கும்.'

புதன்கிழமையே வாளி வாளியாக அள்ளிச் சாக்கடையைத் திறந்துவிட்டிருந்தார்கள். அன்றிலிருந்து அத்தை கஞ்சிக்கு உலை வைக்கவில்லை. ஆனால் சனிக்கிழமை காலை சாக்கடை திரும்பவும் அடைத்துக்கொண்டது. "பழைய கஞ்சி ஊறி வருது" என்றார்கள். யாரும் நாட்களை எண்ணிப் பார்க்கவில்லை. நான் எண்ணினேன். ஆனால் எண்ணியதை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று தெரியவில்லை.

அது தூக்கில் தெரிந்தது.

பட்டு வெந்த தண்ணீரில் தலை அலசினால் முடி பட்டு மாதிரி மின்னும் என்று நம் தெருப் பெண்கள் சொல்வார்களே. வெள்ளிக்கிழமை சாயங்காலம் நானும் தோழியும் அலசிக்கொள்வதாக இருந்தோம். அவள் போவதற்கு முன்னால் செய்ய வேண்டியவை என்று நான் போட்ட பட்டியலில் அது இரண்டாவது. அப்பா அண்டாவைச் சாய்ப்பதற்கு முன்னால் ஒரு தூக்கு நிறைய மொண்டு, மூடி போட்டு, தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் வைத்தேன். அவள் வரவில்லை. மாமாவோடு உட்கார்ந்து பாத்திரங்களைக் கட்டிக்கொண்டிருந்தாள்.

சனிக்கிழமை காலை சாக்கடையைப் பற்றித் தெருவில் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தபோது, தூக்கைக் கழுவி வைப்போம் என்று எடுத்துக் கவிழ்த்தேன். எதுவும் விழவில்லை. மூடியைத் திறக்காமல் கவிழ்த்துவிட்டேனோ என்று பார்த்தேன். மூடி என் இன்னொரு கையில் இருந்தது. தூக்கை நிமிர்த்தினேன். திரும்பவும் கவிழ்த்தேன். உள்ளே வெளிறிய மஞ்சளில் ஒன்று தலைகீழாகத் தொங்கி என்னைப் பார்த்து நடுங்கியது. விரலால் அழுத்தினேன். குழிந்து, திரும்ப எழும்பியது. மூன்றாவது முறையும் கவிழ்த்தேன். அந்த ஒரு நொடியில் எனக்கு எல்லாம் தெரிந்துவிட்டது. யாருடையது என்பதும்.

முதலில் அப்பாவிடம் போனேன். முழங்கைவரை அரக்குச் சாயம்.

"அப்பா, பட்டு வெந்த தண்ணி ஆறினா என்னா ஆவும்?"

"ஆறினா ஆறின தண்ணி. போய் வெளையாடு, கை மேல படப்போவுது."

இருபது வருஷம் அந்தத் தண்ணீரோடு வாழ்ந்தவர். எத்தனை கொதிக்கு எவ்வளவு பசை இறங்கும் என்று நூலைத் தொட்டே சொல்வார். ஆனால் அது ஆறி அவர் பார்த்ததே இல்லை. ஆறும் முன்னால் அதை வெளியே அனுப்புவதுதான் அவர் தொழில்.

பிறகு சமையலறைக்குப் போனேன். மூன்று கிண்ணங்களில் வெந்நீர் ஊற்றினேன். ஒன்றில், தோழி வீட்டுப் பானையின் அடியில் ஒட்டி இறுகியிருந்த பழைய கஞ்சிக் கட்டி. ஒன்றில், தூக்கில் இருந்தது ஒரு கரண்டி. ஒன்றில், மூலைச் சாக்கடையிலிருந்து அள்ளிவந்தது. அம்மா உள்ளே வந்தாள்.

"என்னாடி நாத்தம் இது? சாக்கடைய கொண்டாந்து சமையக்கட்டுல வெச்சிக்கினு இருக்கிற!"

"பாரும்மா."

அவள் பார்த்தாள். கஞ்சிக் கட்டி கட்டியாகவே கிடந்தது. மற்ற இரண்டும் ஓரத்தில் கண்ணாடிபோல் தெளிந்து, சுருங்கி, காணாமல் போயின. சாக்கடைக் கிண்ணத்தில் மண்ணும் ஒரு புளியங்கொட்டையும் மட்டும் மிஞ்சின. பாயா வைக்கத் தெரிந்தவளுக்கு விளக்கம் தேவைப்படவில்லை.

"யாருகிட்டயும் சொல்லாத" என்றாள்.

"அவங்க ஊர உட்டே போவாங்கம்மா."

"உங்கப்பா அத்தினி பேரு நடுவுல சொல்லிட்டாரு. இப்ப அவர பொய்யின்னு ஆக்குறியா? வாய மூடிக்கினு இரு."

நோட்டை எடுத்து அதே பக்கத்தில் எழுதினேன்: 'அம்மா: பயம்.' அதற்கு எதிரே எதையும் எழுதவில்லை.

ஞாயிற்றுக்கிழமை ஐந்து மணிக்கு மண்டபத்தில் ஆண்கள் பாயில் உட்கார்ந்தார்கள். பெண்கள் தூண்களை ஒட்டி நின்றார்கள். அத்தையின் தம்பி வெளியே வேப்பமரத்தடியில் வாடகை வண்டியோடு காத்துக்கொண்டிருந்தார். நான் என் புத்தகப் பையோடு போயிருந்தேன். லீவில் எதற்குப் பை என்று ஒருவரும் கேட்கவில்லை.

நாட்டாமை சுற்றி வளைக்கவில்லை. "சாமி பொறப்பாடு வருது. சாக்கட நாறுது. ஒருத்தர் பொழப்புக்காவ தெருவே நாற முடியாது. பாவ வேற எங்கயாவது பாத்துக்கட்டும். என்னா சொல்றீங்க?"

"வேற எங்கங்கயா? உங்க வூட்டுக் கூடத்துலயா?" என்றாள் அத்தை. "எட்டு வூடு நீளம் வெச்சிக்கீறீங்களா?"

சிலர் சிரித்தார்கள். ஆனால் கைகள் உயரத் தொடங்கின. தூணுக்குப் பின்னால் என் தோழியின் பாவாடை மட்டும் தெரிந்தது.

நான் எழுந்து நின்றேன். "நான் ஒண்ணு கேக்கலாமா?"

"பசங்கள யாருப்பா உள்ள உட்டது?"

"புதன்கெழமையிலருந்து அத்த கஞ்சி காய்ச்சல. அள்ளிப் போட்ட சாக்கட சனிக்கெழம எப்பிடி அடச்சிது?"

"அது பழைய கஞ்சிம்மா" என்றார் ஒருவர் பொறுமையாக.

"பழைய கஞ்சி எரும வயித்துல போச்சி. எரும அத எப்பவோ போட்டுடுச்சி. வேணும்னா போய் அதயும் பாருங்க" என்றாள் அத்தை. இந்த முறை எல்லோருமே சிரித்துவிட்டார்கள். அந்தச் சிரிப்பில்தான் நான் பையைத் திறந்தேன்.

தூக்கை வெளியே எடுத்தேன். மூடியைக் கழற்றினேன். நாட்டாமையின் நாற்காலிக்கு முன்னால் போய், அவருடைய வெள்ளை வேட்டிக்கு நேர் மேலே தூக்கைக் கவிழ்த்தேன்.

"ஏய், ஏய்!" அவர் இரண்டு கால்களையும் நாற்காலிமேல் தூக்கிக்கொண்டார்.

எதுவும் விழவில்லை. நான் தூக்கைப் பிடித்தபடியே நின்றேன். பின்வரிசையில் இருந்தவர்கள் எழுந்து எட்டிப் பார்த்தார்கள்.

"சாக்கடையில இருந்ததும் இதுவும் ஒண்ணு. கஞ்சி வேற. காட்டறேன். சுடுதண்ணி வேணும்" என்றேன்.

சொன்ன பிறகுதான் என் தவறு உறைத்தது. கிண்ணம் கொண்டுவந்திருந்தேன். கஞ்சிக் கட்டி கொண்டுவந்திருந்தேன். தயிர்க் கப்பில் சாக்கடைக் கட்டியும் இருந்தது. வெந்நீர் என் பட்டியலிலேயே இல்லை.

பெண்கள் பக்கத்தில் ஒரு சலசலப்பு. தூண்களுக்கு நடுவில் வழி விட்டார்கள். அம்மா வந்துகொண்டிருந்தாள். கையில் பித்தளைக் குண்டான், துணி சுற்றியது, மூடியின் ஓரத்தில் ஆவி. தெரு முனையில் இருக்கும் எங்கள் வீட்டிலிருந்து மண்டபத்துக்கு நடந்துவர நேரம் ஆகும். தண்ணீர் கொதிக்க அதற்குமேல் ஆகும். நான் கேட்டு அவள் வரவில்லை. யாரையும் பார்க்காமல் குண்டானை என் காலடியில் வைத்தாள்.

"பாத்து ஊத்து. கையில கொட்டிக்காத" என்றாள். அவ்வளவுதான் பேசினாள்.

மூன்று கிண்ணங்கள். மூன்று கட்டிகள். குனிந்து பார்த்த தலைகளில் நாட்டாமையுடையதும் ஒன்று. கஞ்சி அசையவில்லை. மற்ற இரண்டும் இளகிக் கரைந்தன. கடைசித் துணுக்கு மறையும்வரை ஒரு தலையும் நிமிரவில்லை.

"இந்தத் தூக்குல இருக்கிறது எங்கருந்து எடுத்ததும்மா?" என்று கேட்டார் நாட்டாமை. குரல் இறங்கியிருந்தது.

நான் அப்பாவைப் பார்த்தேன். இந்தக் கேள்வி வரும் என்று தெரியும். பதிலும் தெரியும். சொல்லத்தான் முடியவில்லை.

அப்பா எழுந்தார். பாய்களுக்கு நடுவில் யார் காலையும் மிதிக்காமல் நடந்துவந்து என் கையிலிருந்து தூக்கை வாங்கினார். உள்ளே இரண்டு விரலை விட்டார். நூலைச் சோதிப்பதுபோலவே பெருவிரலால் தேய்த்துப் பார்த்தார். முகர்ந்தார். தூக்கை மெதுவாகக் கவிழ்த்து, அது விழாமல் நிற்பதை ரொம்ப நேரம் பார்த்தார். அவர் முகத்தில் அவமானம் வரும் என்று நான் காத்திருந்தேன். வந்தது ஆச்சரியம். பள்ளிக்கூடத்துப் பையன் மாதிரி ஓர் ஆச்சரியம்.

"ஒறஞ்சிருக்குது" என்றார். "என் அண்டாவுது. ஒரே தண்ணியில நாலு ஈடு போட்டேன், பசை ஏறிப்போச்சி. சூட்டுல ஓடுது, மூலைக்குப் போய் ஆறிக்கினு ஒறையிது." அத்தை நின்ற பக்கம் திரும்பினார். "தங்கச்சி, தப்பு என்னுது."

அத்தை முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். குரலில் மட்டும் எதையும் காட்டவில்லை. "மன்னிப்புலாம் அப்புறமா கேளுண்ணே. மொதல்ல போய் சாக்கடைய தொற. நான் விடியகால பாவு நீட்டணும்."

அப்பா என்னைப் பார்த்தார். "உள்ள இருக்கிற மொத்தமும் இளகுமா?"

"இளகும்பா."

"எவ்ளோ சூடு வேணும்?"

தனக்குத் தெரியாத ஒன்றை அவர் என்னிடம் கேட்டது அதுவே முதல் தடவை. "பாயா சுடவெக்கிற அளவு" என்றேன்.

தண்ணீர்? மூன்று நாளைக்கு ஒருமுறை வருகிற தண்ணீர். யார் முதலில் என்று தெரியவில்லை, யாரோ ஒரு குடத்தோடு எங்கள் பட்டறைக்குள் வந்தார்கள். பின்னால் இன்னொரு குடம். வீட்டுக்கு ஒன்றாகப் பச்சை, சிவப்பு, ஆரஞ்சு பிளாஸ்டிக் குடங்கள் வரிசையாக வந்தன. நாட்டாமை வீட்டிலிருந்து இரண்டு. அண்டா நிறைந்தது. அப்பா அடுப்பில் விறகைத் திணித்தார். தளதளவென்று கொதித்ததும் வாளி வாளியாக மொண்டு ஓட்டமாக மூலைக்குக் கொண்டுபோனார்கள். அத்தையின் தம்பியும் வண்டியை விட்டுவிட்டு ஒரு வாளியைப் பிடித்தார்.

முதல் வாளிக்கு ஒன்றும் ஆகவில்லை. மூன்றாவதுக்கு ஓரங்கள் தெளிந்தன. எட்டாவதோ ஒன்பதாவதோ போனபோது அந்த மஞ்சள் திட்டு நடுவில் குழிந்தது. ஒரு பக்கம் சாய்ந்தது. பிறகு தெருவே ஒரு பெரிய ஏப்பம் விட்ட மாதிரி சத்தம். அவ்வளவையும் சாக்கடை ஒரே மூச்சில் விழுங்கிவிட்டது. வாசல்களில் தேங்கியிருந்த தண்ணீர் எல்லாத் திசையிலிருந்தும் மூலையைப் பார்த்து ஓடிவந்தது. விசில் அடித்தவர் நாட்டாமை என்று என் தோழி இன்றைக்கும் சொல்கிறாள். நான் பார்க்கவில்லை. நானும் கத்திக்கொண்டிருந்தேன்.

அதன் பிறகு அப்பா அந்தத் தண்ணீரைச் சூடாக வெளியே விட்டதில்லை. சிமெண்டுத் தொட்டியில் ஆற வைத்து, உறைந்ததை மண்வெட்டியால் வெட்டி எடுத்துக் குழியில் போட்டார். அதில் ஒரு கரண்டி சாயத்தோடு சேர்த்தால் நிறம் திட்டில்லாமல் பிடிக்கிறது என்று பிறகு அவரே கண்டுபிடித்தார். தூக்கைப் பட்டறையில் ஆணி அடித்து மாட்டிவைத்திருந்தார். அதுவும் இப்போது இல்லை.

அன்றைக்கு வீட்டுக்கு வந்ததும் நோட்டைப் பிரித்து 'பயம்' என்பதை அடித்தேன். 'அம்மா: வெந்நீர்' என்று எழுதினேன். வாயை மூடு என்று சொன்னவள் எப்போது அடுப்பைப் பற்றவைத்தாள் என்று நான் கேட்டதில்லை. அவளும் சொன்னதில்லை.

திங்கட்கிழமை விடியற்காலை அத்தை பாவு நீட்டினாள். நாட்டாமைக்குச் சேர வேண்டிய, முனை அழுக்கான அதே அரக்கு. அப்பா தன் செலவில் புதிதாகச் சாயம் போட்டுக் கொடுக்கவிருந்த நூல் வரும்வரை காத்திருக்காமல், நல்ல பகுதியை வைத்தே தொடங்கிவிட்டாள். பாவின் மறுமுனையைப் பிடிக்கும் வேலை அன்று என் தோழிக்கு இல்லை. அப்பா நின்றார். பாவு பிடித்து அவருக்குப் பழக்கமே இல்லை.

"அண்ணே, தொய்யிது! இழுத்துப் புடி! அண்டாவுல முக்கறதுன்னு நெனச்சிக்கினியா?"

அப்பா இழுத்துப் பிடித்தார். எட்டு வீட்டு நீளம். கீழே சாக்கடை சத்தம் போட்டு ஓடிக்கொண்டிருந்தது. மேலே ஒரு சொட்டு ஈரம் படாமல் அரக்கு விறைத்து நின்றது.

நம் குழுக் கேள்விக்கு இப்போது பதில். உறைதல் என்றால் வெறும் கெட்டியாவது இல்லை. சூட்டில் ஓடிக்கொண்டிருந்தது ஆறும்போது தன்னைத் தானே பிடித்துக்கொண்டு நிற்பது. திரும்பச் சூடு கொடுத்தால் மனம் மாறுவது. பையன் நோட்டில் இவ்வளவு எழுத வேண்டாம், முதல் பாதி போதும்.

இன்னொன்று. ஜனவரியில் பள்ளி திறந்த அன்று, வருகைப் பதிவில் அவள் பெயரைக் கூப்பிட்டதும் என் பெஞ்சுத் தோழி பக்கத்து வகுப்புவரை கேட்கும்படி "உள்ளேன் அம்மா!" என்று கத்தினாள். நீங்கள் அத்தனை பேரும் சிரித்தீர்கள். டீச்சர் அவளை எழுந்து நிற்கச் சொன்னார். அவளும் ஏதோ பரிசு வாங்குகிறவள் மாதிரி எழுந்து நின்றாள். ஏன் என்று அன்றைக்கு நீங்கள் யாரும் கேட்கவில்லை. இதனால்தான்.